பனிக்காட்டில் மான் பிழைக்கும் வழி

சென்ற மார்கழி மாதத்தில் ஒருநாள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். வட அமெரிக்காவின் வடகிழக்கு மூலையைப் படத்தில் சுட்டிக்காட்டி, "இங்கே கார்த்திகையில் விழத் தொடங்கும் பனி பங்குனி வரையில் தரையை விட்டு நீங்காது. நம் ஊர்ப் பனியைப்போல் புல் நுனியில் முத்துக் கோக்கும் பனி அல்ல, மாவைக் கொட்டினாற்போல் இடுப்பளவு குவிந்து கிடக்கும் பனி" என்றேன். அந்தக் காடுகளில் என்னென்ன பிராணிகள் உண்டு என்று பிள்ளைகள் கேட்டார்கள். கரடியைப் பற்றிச் சொன்னேன். அது குளிர்காலம் முழுவதும் குகைக்குள் படுத்துத் தூங்கிவிடும் என்றும் சொன்னேன். பிறகு மானைப் பற்றிச் சொன்னேன்.

"மானும் தூங்கிவிடுமா, ஸார்?" என்றான் முதல் வரிசைப் பையன் ஒருவன்.

"தூங்காது."

"அப்படியானால் நாலு மாதம் எதைத் தின்னும், ஸார்? புல்தான் பனிக்கு அடியில் போய்விட்டதே!"

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. நல்ல வேளையாகக் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் என்னைக் காப்பாற்றியது. "அந்த ஊர் ஜனங்கள் வைக்கோலும் தானியமும் போடுவார்கள், ஸார்!" என்றது அது. வகுப்பு முழுவதற்கும் அந்தப் பதில் மிகவும் பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்திருந்தது. "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்தது.

அன்று மாலை வீட்டுக்குப் போனபின் மனம் கேட்கவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் எழுதியவற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க எனக்குக் கிடைத்த முதல் செய்தி, நாங்கள் அத்தனை பேரும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்ட அந்தப் பதில் மானைக் கொல்லக்கூடிய பதில் என்பதே. எப்படி என்பதை நேயர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

சேமிப்பில் நடக்கும் குடித்தனம்

நான் சொல்லப்போவது வெள்ளைவால் மானைப் பற்றியது. ஓடும்போது வாலைத் தூக்கி அதன் அடியிலுள்ள வெண்மையைக் காட்டுவதால் அதற்கு அந்தப் பெயர். அமெரிக்காவின் தென்கோடி முதல் கனடா வரையில் அது வசிக்கிறது. ஆனால் மெயின், வெர்மாண்ட், மிச்சிகனின் வடபகுதி, கனடாவில் நியூ ப்ரன்ஸ்விக், க்யுபெக் ஆகிய இடங்கள் அதன் வடக்கு எல்லை. அந்த எல்லையில் அது வருஷந்தோறும் எமனோடு வழக்காடித்தான் பிழைக்கிறது.

வழக்காடுவதற்கு இயற்கை அதற்குச் சில ஆயுதங்களைக் கொடுத்திருக்கிறது. கோடையில் செந்நிறமாயிருக்கும் மெல்லிய ரோமம் உதிர்ந்து, குளிர்காலத்துக்குச் சாம்பல் நிறமான தடித்த ரோமம் முளைக்கிறது. ஒவ்வொரு மயிரும் உள்ளே துளையுள்ளது. அந்தத் துளையில் காற்று அடைபட்டிருக்கிறது. அதற்கும் அடியில் ஆட்டு ரோமம் போன்ற மென்மையான உள்ளாடை. உடம்பின் சூடு வெளியே கசிவது எவ்வளவு குறைவென்றால், மானின் முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே படிந்து கிடக்குமாம்!

இரண்டாவது ஆயுதம் கொழுப்பு. இலையுதிர் காலத்தில் ஓக் மரத்தின் கொட்டைகளையும் பீச் மரத்தின் கொட்டைகளையும் மான் ஓயாமல் தின்று தோலுக்கடியில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. மூன்றாவது ஆயுதந்தான் மிகவும் ஆச்சரியமானது. பகல் குறுகக் குறுக அதன் பசியே குறைந்துவிடுகிறது. அடைத்து வைத்து வேண்டிய தீனியைக் கொடுத்தாலும் குளிர்காலத்தில் மான் கோடையில் தின்ற அளவு தின்பதில்லை. நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டு, பெரும்பாலான நேரம் படுத்தே கிடக்கிறது.

வருமானம் நின்றுபோன குடும்பஸ்தன் கையிருப்பை எண்ணி எண்ணிச் செலவழிப்பதைப்போல, மான் தன் கொழுப்பைச் சிறிது சிறிதாகச் செலவு செய்கிறது. சுள்ளிகளையும் மொட்டுக்களையும் கடித்துச் சிறிது வரவு வைக்கிறது. ஆனால் அந்த வரவு செலவுக்குப் போதாது. வசந்தம் வருவதற்குள் உடல் எடையில் நாலில் ஒரு பங்கு கரைந்துபோவது சகஜம். பனி உருகும் நாள் முந்திக்கொண்டால் மான் பிழைக்கும். கொழுப்பு தீரும் நாள் முந்திக்கொண்டால் சாகும். இறந்து கிடக்கும் மானின் தொடை எலும்பை உடைத்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். நல்ல நிலையிலுள்ள மானின் எலும்பு மச்சை வெண்மையாகக் கெட்டியாக இருக்கும். பட்டினியால் இறந்த மானுடையது சிவந்து பாகுபோல் குழைந்திருக்கும். உடம்பு கடைசியாகத் தொட்டுச் செலவழிக்கும் சேமிப்பு அதுதான்.

முதலில் சாவது குட்டிகள். அந்த வருஷம் பிறந்த குட்டி, கிடைத்ததையெல்லாம் வளர்ச்சிக்கே செலவழித்துவிட்டுக் குறைந்த கையிருப்போடு குளிர்காலத்துக்குள் நுழைகிறது. உருவமும் சிறியது, ஆகவே சூடு சீக்கிரம் போகிறது. கால் குட்டை; ஆகவே பனியில் சீக்கிரம் புதைகிறது.

விஸ்கான்ஸின் மாகாணத்தார் குளிர்காலத்தின் கொடுமைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் முடிய, தரையில் 18 அங்குலமோ அதற்கு மேலோ பனி கிடந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. வெப்பமானி பாரன்ஹீட் 0 டிகிரியையோ அதற்குக் கீழேயோ தொட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. மொத்தம் 50க்குள் அடங்கினால் மான்களுக்கு நல்ல காலம். 100ஐத் தாண்டினால் வசந்தத்தில் காட்டுக்குள் போகிறவர்கள் வருத்தப்படும்படியான காட்சிகளைக் காண்பார்கள்.

18 அங்குலம் என்பதற்குக் காரணம் உண்டு. மானின் குளம்பு சிறியது, கூர்மையானது. பனியின்மேல் மிதக்க அதனால் ஆகாது. பனி ஒன்றரை அடியைத் தாண்டினால் மார்பை இழுத்துக்கொண்டு துள்ளித் துள்ளித்தான் நகரவேண்டும். ஒவ்வொரு துள்ளலும் கையிருப்பிலிருந்து ஒரு காசு.

தாய் காட்டிய இடம்

இந்த நிலைமையில் மான் செய்யும் காரியம் மிகவும் புத்திசாலித்தனமானது. பனி ஆழமாகத் தொடங்கியதும், கோடையில் மேய்ந்த விசாலமான இடங்களையெல்லாம் விட்டுவிட்டுச் சில குறிப்பிட்ட இடங்களில் போய்க் கூடிக்கொள்கிறது. இதற்காகச் சில மான்கள் பத்து மைல், இருபது மைல்கூட நடப்பதுண்டு. அந்த இடங்களை அந்நாட்டார் மான்களின் 'யார்டு' என்று அழைக்கிறார்கள். நாம் 'மான் பட்டி' என்று சொல்லலாம். வேலியில்லாத பட்டி; மேய்ப்பனில்லாத பட்டி.

மான் பட்டி எங்கே இருக்கும்? பெரும்பாலும் ஓடைக் கரைகளிலும் தாழ்ந்த சதுப்புகளிலும் தெற்கு நோக்கிய சரிவுகளிலும், ஊசியிலை மரங்கள் அடர்ந்து வளர்ந்த இடங்களில் இருக்கும். ஹெம்லாக், வெள்ளை ஸீடார், ஸ்ப்ரூஸ், ஃபிர் ஆகியவை அந்த மரங்கள். மேப்பிளும் பிர்ச்சும் குளிர்காலத்தில் இலையுதிர்த்து மொட்டையாய் நிற்கையில், இவை மட்டும் பச்சைக் குடையை மடக்காமல் நிற்கின்றன. விழுகிற பனியில் ஒரு பங்கைக் கிளைகளே தாங்கிக்கொள்கின்றன. அதில் ஒரு பகுதி தரையைத் தொடாமலே காற்றில் கலந்து மறைகிறது. ஆகவே வெளியே மூன்றடிப் பனி கிடக்கும்போது உள்ளே அதைவிடக் குறைவாகவே கிடக்கும். காற்று உள்ளே நுழையாது. இரவில் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடாமல் அந்தக் கூரை தடுக்கும்.

பல மான்கள் ஓரிடத்தில் கூடுவதால் வேறொரு நன்மையும் உண்டு. அவை மாறி மாறி நடந்து பனியை மிதித்துக் கெட்டியான ஒற்றையடிப் பாதைகளை உண்டாக்கிவிடுகின்றன. தீனிக்கும் படுக்கைக்கும் அந்தப் பாதையில் போய்வரலாம். கயோட்டி என்னும் சிறு ஓநாய் துரத்தினால் தப்பி ஓடவும் அதுவே வழி. தனி மான் ஒன்றால் இப்படி ஒரு பாதையை அமைத்துப் பராமரிக்க முடியாது.

இந்த இடத்தை மான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? தாய் அழைத்துப்போய்க் காட்டுகிறது. முதல் குளிர்காலத்தில் தாயின் பின்னால் நடந்து போன குட்டி, தான் தாயான பிறகு தன் குட்டியை அங்கேயே அழைத்துப்போகிறது. இப்படித் தலைமுறை தலைமுறையாக ஒரே பட்டிக்கு வருவதால், அந்தக் காட்டை ஒரு தடவை அடியோடு வெட்டிவிட்டால் நஷ்டம் மரத்தோடு போவதில்லை. வழி தெரிந்த தாய்கள் அழிந்த பிறகு, மறுபடி மரம் வளர்ந்தாலும் அந்த இடத்தை நாடி வரும் மான் இல்லாமற்போகலாம்.

மெயின் மாகாணத்தின் வடபகுதி இதைப் பட்டு அறிந்தது. 1970களிலும் 1980களிலும் ஸ்ப்ரூஸ் மொட்டுப்புழு என்னும் ஒரு விட்டிலின் புழுக்கள் லட்சக்கணக்கான ஏக்கர் ஸ்ப்ரூஸ், ஃபிர் காடுகளைத் தின்று வாட்டின. சாகும் மரம் அழுகுவதற்கு முன் விற்றுவிட வேண்டுமென்று சொந்தக்காரர்கள் பரந்த நிலங்களை மொட்டையடித்தார்கள். மான் பட்டிகள் பலவும் அதோடு போயின. அதன்பின் அந்தப் பகுதியில் மானின் தொகை பழைய நிலைக்கு ஏறவில்லை. 2008, 2009 ஆகிய வருஷங்களில் அடுத்தடுத்து வந்த இரண்டு கடுங்குளிர்காலங்கள் இருந்ததையும் வெகுவாகக் குறைத்துவிட்டன.

அன்பே வினையாகும் விதம்

"சரி, காடு போய்விட்டது. மனிதர்கள்தான் இருக்கிறார்களே! ஒரு வண்டி சோளத்தைக் கொண்டுபோய்க் கொட்டினால் என்ன?" என்று நேயர்கள் கேட்கலாம். என் வகுப்புப் பையன் கேட்டதும் அதுதான்.

நம் கிராமங்களில் மாடு வளர்த்தவர்களுக்கு இதன் விடை ஏற்கெனவே தெரியும். பொங்கலன்று ஆசையாகப் பொங்கலையும் பழத்தையும் அளவுமீறி ஊட்டிவிட்டால் மாட்டுக்கு என்ன ஆகிறது? அரிசி மூட்டை அவிழ்ந்து கிடக்க, மாடு வயிறு முட்டத் தின்றுவிட்டால் என்ன ஆகிறது? வயிறு உப்பி, அசைபோடுவது நின்று, வைத்தியர் வருவதற்குள் மாடு விழுந்துவிடுவதும் உண்டு. மானும் அசைபோடும் பிராணியே. அதன் முதல் இரைப்பையில் கண்ணுக்குத் தெரியாத கோடானு கோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. தின்றதைச் செரிக்கவைப்பவை உண்மையில் அவைதான். குளிர்காலத்தில் சுள்ளியையும் மொட்டையும் கரைக்கவல்ல நுண்ணுயிர்களே அங்கே பெருகியிருக்கும். திடீரென்று சோளம் உள்ளே விழுந்தால் வேறு வகை நுண்ணுயிர்கள் ஒரே மூச்சில் பெருகி அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தத்திலும் கலக்கிறது. புதிய உணவுக்கு வயிறு பழகச் சில வாரங்கள் வேண்டும். பட்டினி கிடக்கும் மானுக்கு அத்தனை அவகாசம் இல்லை. வயிறு நிறையத் தீனியோடு மான் செத்துக் கிடப்பதைக் கண்டு, அன்போடு தீனி போட்டவர்கள் திகைத்து நிற்பார்கள்.

வைக்கோல் போட்டாலும் விமோசனம் இல்லை. அதைச் செரித்துச் சத்தாக்க அப்போது மானின் வயிற்றால் முடிவதில்லை. வயிறு நிறையும், உடம்பு இளைக்கும்.

பிழைத்த மான்களுக்கும் ஆபத்து நீங்கவில்லை. தீனிக் குவியலைச் சுற்றிப் பெரிய மான்கள் நின்றுகொண்டு குட்டிகளை முட்டி விரட்டுகின்றன. யாருக்காகப் போட்டோமோ அவர்களுக்கு அது கிடைப்பதில்லை! மூக்கோடு மூக்கு உரசுவதால் நோய் பரவுகிறது. மிச்சிகன் மாகாணத்தின் வடகிழக்கில் மாட்டுக் காசநோய் மான்களிடையே வேரூன்றிவிட்டது 1994ல் தெரியவந்தது. ஜனங்கள் தீனி போட்டு மான்களை நெருக்கமாகக் கூட்டியதே அது நிலைத்ததற்கு முக்கிய காரணமென்று ஆராய்ச்சியாளர் கண்டார்கள். மூளையை அரித்து மானை உருக்கிக் கொல்லும் மற்றொரு நோயும் இப்போது பல மாகாணங்களில் பரவியிருக்கிறது. அதற்கு மருந்து இல்லை. அதன் விஷம் மண்ணில் பல வருஷங்கள் தங்கக்கூடியது. இந்தக் காரணங்களால் வெர்மாண்டிலும் நியூயார்க்கிலும் மானுக்குத் தீனி வைப்பதையே சட்டம் தடுக்கிறது.

ஜீவகாருண்யம் வேண்டாமென்று இதற்கு அர்த்தமல்ல. ஜீவகாருண்யத்துக்குக் கருணை மட்டும் போதாது. விஷய ஞானமும் வேண்டும் என்றே அர்த்தம்.

கோடரி செய்யும் தர்மம்

தீனி வைக்கக்கூடாது, காட்டையும் அழிக்கக்கூடாது. பிறகு மனிதன் செய்யக்கூடியது என்ன? சும்மா இருப்பதா? அதுவும் இல்லை. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. மரத்தை வெட்டவேண்டும் என்கிறார்கள் அறிந்தவர்கள்! ஆனால் எங்கே, எவ்வளவு, எப்போது என்று தெரிந்து வெட்டவேண்டும்.

வேட்டைக்கும் விலங்குகளுக்கும் உரிய நிலப் பராமரிப்பை ஒரு சாஸ்திரமாக்கியவர் ஆல்டோ லியோபோல்டு என்ற அமெரிக்கர். 1933ல் அவர் அந்தச் சாஸ்திரத்துக்கு முதல் பாடப்புத்தகத்தை எழுதினார். மிச்சிகனின் வடபகுதியில் குஸினோ என்னுமிடத்திலிருந்த ஆராய்ச்சி நிலையத்தில் லூயி வெர்மி, ஜான் ஓஸோகா என்ற இருவர் மான் பட்டிகளைப் பல வருஷங்கள் ஆராய்ந்தார்கள். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் அரைப் பட்டினி கிடந்த தாய் ஈன்ற குட்டிகள் மெலிந்து பிறந்து சில நாட்களில் இறந்துவிடுவதை வெர்மி காட்டினார். ஒரு குளிர்காலத்தின் கணக்கு ஏப்ரலோடு முடிந்துவிடுவதில்லை. ஜூன் மாதத்தில் பிறக்கும் குட்டி வரையில் அது நீளுகிறது.

மான் பட்டிக்கு இரண்டு பொருள்கள் தேவை: கூரை, சாப்பாடு. கூரையென்பது உயர்ந்து அடர்ந்த ஊசியிலை மரங்கள். மெயினில் இதற்கு ஓர் அளவு வழங்குகிறது: மரங்கள் 35 அடிக்குக் குறையாத உயரமும், வானத்தில் பெரும் பங்கை மறைக்கும் அடர்த்தியும் உடையவையாயிருக்க வேண்டும், பட்டியில் சுமார் பாதி நிலமாவது எப்போதும் இந்த நிலையில் இருக்கவேண்டும். சாப்பாடென்பது மானின் வாய்க்கு எட்டும் இளங்கிளைகள். முதிர்ந்த காட்டின் நிழலில் இளங்கன்று முளைக்காது; இளங்கன்றுக் காட்டில் கூரை இராது. இரண்டும் அருகருகே வேண்டுமானால் மனிதன் கை வைக்கத்தான் வேண்டும்.

ஆகவே கூரையாயிருக்கும் காட்டை விட்டுவைத்து, அதன் ஓரங்களிலும் நடுநடுவிலும் சிறு சிறு துண்டுகளாக வெட்டி வெயில் விடுகிறார்கள். மேப்பிள் போன்ற மரங்களை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர் எழும்பும். அது மானுக்கு விருந்து. வெட்டும்போது கீழே முளைத்திருக்கும் ஊசியிலைக் கன்றுகள் நசுங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். நாளைய கூரை அவைதான். ஒரு கூரைக்கும் மற்றொன்றுக்கும் இடையே, ஓடைக் கரையோரமாக, மரங்களை வரிசையாக விட்டுவைக்கிறார்கள். மழைக்கால வராந்தாவைப்போல மான் அதன் வழியே நனையாமல் போய்வரலாம்.

வெட்டவேண்டிய காலமும் குளிர்காலமே. நிலம் உறைந்து கல்லாயிருப்பதால் வண்டிச் சக்கரம் வேர்களைக் கிழிப்பதில்லை. மேலும் ஸீடாரின் உச்சிக்கிளை தரையில் சாய்ந்தால் அன்றே மான்களுக்குச் சாப்பாடு. குளிர்காலத் தீனிகளில் ஸீடார் ராஜபோஜனம். மரத்தில் தொங்கும் பாசிபோன்ற லிச்சனும் அதோடு கிடைக்கும். இந்தத் தீனியில் ஆபத்தில்லை. மானின் வயிறு ஏற்கெனவே பழகிய தீனி இது. மரம் அறுக்கும் இயந்திரத்தின் ஓசை கேட்டு அஞ்சி ஓடுவதற்குப் பதிலாக மான்கள் அதை நாடி வருகின்றன என்று மரம் வெட்டுவோர் சொல்கிறார்கள். நம் வீட்டு வாசலில் பாத்திர ஓசை கேட்டதும் காக்கை வருவதில்லையா?

இதில் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம் என்று நினைக்கவேண்டாம். ஸீடார் கன்றைக் கண்டால் மான் விடாது. சிறு துண்டாக வெட்டிய இடத்தில் முளைக்கும் கன்றுகள் அத்தனையையும் கடித்துத் தீர்த்துவிடும். ஆகவே மிச்சிகனின் ஸீடார்ச் சதுப்புகளில், மான்கள் எவ்வளவு தின்றாலும் மிச்சமிருக்கும்படி பெரிய துண்டாக வெட்டுவதே மேல் என்று வெர்மி கருதினார். வெர்மாண்டின் ஹெம்லாக் சரிவுக்குப் பொருந்தும் முறை மிச்சிகன் சதுப்புக்குப் பொருந்தாது. நோய்க்குத் தக்கபடி மருந்து. நிலத்துக்குத் தக்கபடி கோடரி.

நூறு வருஷத்து வாய்ப்பாடு

ஆசிரியனல்லவா? ஒரு கணக்குப் போடாமல் விடமாட்டேன்.

ஒருவரிடம் 100 ஏக்கர் மான் பட்டி இருக்கிறது. அதை ஐந்து பாகமாகப் பிரித்துக்கொண்டு, 20 வருஷத்துக்கு ஒரு பாகமாக, சிறு சிறு துண்டுகளாக வெட்டி வருகிறார். நூறு வருஷத்தில் ஒரு சுற்று முடியும். அப்போது எந்த வருஷம் போய்ப் பார்த்தாலும் 20 ஏக்கரில் கன்றுகள் இருக்கும்: அது சமையலறை. 20 ஏக்கரில் வளர்ந்துவரும் மரங்கள் இருக்கும். மீதி 60 ஏக்கரில் சுமார் 40 வயதைத் தாண்டிய மரங்கள் குடை பிடித்து நிற்கும்: அது படுக்கையறை. சொந்தக்காரருக்கும் 20 வருஷத்துக்கு ஒரு தடவை மரம் விற்ற பணம் உண்டு. மானும் பிழைக்கும், மனிதனும் பிழைப்பான்.

கணக்கு சரிதான். ஆனால் அந்தச் சுற்றை ஆரம்பித்தவர் அது முடிவதைப் பார்க்க இருக்கமாட்டார். "தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்" என்பார்கள் நம் பெரியவர்கள். மான் பட்டி வளர்ப்பவனோ பார்க்காமலே சாவான்.

சங்கடம் இங்கேதான் இருக்கிறது. மெயினில் காடுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தனியாருடையவை. மானுக்குக் கூரையாயிருக்கும் மரமே மில்லுக்கு நல்ல விலை போகும் மரம். மில் ரொக்கம் தரும். மான் என்ன தரும்? பெண்ணின் கல்யாணச் செலவுக்கோ பையனின் படிப்புக்கோ காட்டை நம்பியிருக்கும் குடும்பத்தாரிடம் "மரத்தை விற்காதே" என்று சொல்வது எளிதல்ல. மெயின் சர்க்கார் சில பட்டிகளைச் சட்டத்தினால் காக்கிறது. சிலவற்றை விலைக்கு வாங்கிக்கொள்கிறது. மற்றச் சொந்தக்காரர்களோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறது. வெர்மாண்டில் 1970ல் வந்த நிலச் சட்டம், பெரிய கட்டடங்களுக்கு அனுமதி கொடுக்குமுன் விலங்குகளுக்கு அவசியமான இருப்பிடம் கெடுமா என்று ஆராயச் சொல்கிறது. ஒரு கம்பெனி ஒரு மான் பட்டிக்குள் 33 விடுமுறை வீடுகள் கட்ட விரும்பியபோது அனுமதி மறுக்கப்பட்டது. அந்த மறுப்பை வெர்மாண்ட் சுப்ரீம் கோர்ட் 1989ல் உறுதி செய்தது. வாயில்லாத பிராணியின் குளிர்கால வீட்டுக்காக ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்ததென்பது சிந்திக்கத்தக்க விஷயம்.

அளவு மீறினால்

மான் பெருகப் பெருக நல்லது என்று எண்ணிவிடலாகாது. க்யுபெக்கைச் சேர்ந்த அன்டிகோஸ்டி என்னும் பெரிய தீவை, ஹென்றி மெனியே என்ற பிரெஞ்சு சாக்லேட் முதலாளி 1895ல் விலைக்கு வாங்கினார். வேட்டையாடி மகிழ்வதற்காக அடுத்த வருஷம் முதல் சுமார் 220 வெள்ளைவால் மான்களைக் கொண்டுவந்து விட்டார். தீவில் ஓநாய் இல்லை. மான்கள் லட்சத்துக்கு மேல் பெருகின. குளிர்காலத்தில் அவற்றுக்கு முக்கிய உணவான ஃபிர் மரத்தின் கன்றுகளை முளைக்க முளைக்கத் தின்றுவிட்டன. கனிச் செடிகளையும் தின்று தீர்த்ததால், கனியை நம்பி வாழ்ந்த கரடிகள் தீவிலிருந்தே மறைந்துபோயின. இப்போது அங்கே ஃபிர் காட்டை மீட்பதற்காகப் பெரிய நிலப்பரப்புக்களை வெட்டி, வேலியிட்டு, உள்ளேயுள்ள மான்களை வேட்டையால் குறைத்து, கன்றுகள் மான் வாய்க்கு எட்டாத உயரம் வளர்ந்த பின் வேலியை எடுத்துவிடுகிறார்கள்.

வெர்மாண்டின் கதையும் எண்ணத்தக்கது. காடுகளை அழித்து, கண்டபடி சுட்டு, அங்கே மான் இனமே ஏறக்குறைய அற்றுப்போன நிலையில், 1878ல் நியூயார்க்கிலிருந்து 17 மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 1897 வரையில் வேட்டையைத் தடுத்தார்கள். இன்று மறுபடி அங்கே கட்டுப்பாடான வேட்டை நடக்கிறது. பெண் மான்களும் அளவோடு வேட்டையாடப்படுகின்றன. மரக்கறி உண்ணும் குடும்பத்தில் பிறந்த எனக்கு இது கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓநாயை ஒழித்துவிட்ட இடத்தில், வேட்டையை நிறுத்தினால் மானுக்குச் சாவு இல்லையென்று ஆகிவிடாது. துப்பாக்கிக்குப் பதில் பசி கொல்லும். அதுவும் குட்டிகளை முதலில் கொல்லும். கூரைக்குத் தக்க குடும்பம் என்பது மானுக்கும் பொருந்தும்.

புதிய கவலைகளும் இல்லாமல் இல்லை. கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி ஹெம்லாக் மரங்களின் சாற்றை உறிஞ்சிக் கொல்லுகிறது. 1951ல் வர்ஜினியாவில் காணப்பட்ட அது, வடக்கே பரவி மெயினையும் வெர்மாண்டையும் எட்டிவிட்டது. உலகம் சூடாகிவருவதால் குளிர்காலம் தணிந்து மானுக்குச் சௌகரியமாகலாம்; ஆனால் அதே இளஞ்சூடு அந்தப் பூச்சிக்கும் சௌகரியமே.

அடுத்த வாரம் வகுப்புக்குப் போனதும், "சென்ற வாரம் நான் ஒப்புக்கொண்ட பதில் தவறு" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, மேலே எழுதியதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். கரும்பலகையில் 100 ஏக்கர் கணக்கையும் போட்டுக் காட்டினேன். முதலில் கேள்வி கேட்ட பையன் வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடைசிப் பாகத்தை வெட்டும்போது முதலில் வெட்டினவர் இருக்கமாட்டாரே, ஸார்?" என்றான்.

"இருக்கமாட்டார்."

"அப்படியானால் எந்த மரத்தை வெட்டவேண்டும், எதை விட்டுவைக்க வேண்டுமென்று அவர் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், இல்லையா?"

தாய் மான் குட்டிக்கு வழி காட்டுகிறது என்று நான் சொன்னதை அவன் மறக்கவில்லை. அன்றைக்கு மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அதற்குமேல் பாடம் நடத்த எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.